ஒரு பகல் முழுக்கப் படித்துக் காட்டினேன்

என் அண்ணன் எங்கள் பங்காளி ஒருவரை வெட்டிக் கொன்றபோது நான் பத்தடி தள்ளி, அண்ணனின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கமுதிக்குக் கிழக்கே எங்கள் ஊர். கண்மாயில் தண்ணீர் அடியில் கிடந்த வருஷம் அது. மடை திறக்கும் முறை அன்றைக்கு எங்களுடையது. விடிந்தும் விடியாமலும் போய்ப் பார்த்தால் மடையை அடைத்து மண் போட்டு வைத்திருந்தார்கள். பங்காளி வீட்டு மூத்தவர் கரையில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாய்ச்சண்டையாகத்தான் தொடங்கியது. அண்ணன் மண்ணை எடுக்கக் குனிந்தார். அவர் அண்ணனின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நான் ஒரு மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. அண்ணனின் இடுப்பில் இருந்த அரிவாள் அவர் கழுத்தில் இறங்கியது. இரண்டாவது வெட்டு அவர் விழுந்த பிறகு. பிறகு அண்ணன் மடையைத் திறந்துவிட்டார். எதற்குத் திறந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செத்தவரின் கால் வாய்க்காலுக்குள் கிடந்தது. தண்ணீர் அவரைத் தொட்டுச் சிவந்து எங்கள் வயலுக்குப் பாய்ந்தது. அந்த வருஷத்து நெல்லை எங்கள் வீட்டில் யாரும் தொடவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். சாப்பிட்டோம்.

அண்ணனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு நாளன்று கோர்ட்டு வாசலில், செத்தவரின் தம்பி என்னைப் பார்த்துச் சொன்னான்: "செயிலுக்குப் போனவன் போகட்டும். வெளிய ஒருத்தன் இருக்கான்ல."

அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. ஐந்தாம் வகுப்புவரை ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள். அவன் சொன்ன வாரத்திலேயே எங்கள் வைக்கோற்போர் எரிந்தது. அடுத்த மாதம் உழவு மாடு ஒன்றின் பின்னங்கால் நரம்பை யாரோ அறுத்துவிட்டுப் போனார்கள். அது எழ முடியாமல் தொழுவத்தில் கிடந்து கத்தியதை இரண்டு நாள் கேட்டோம். எங்களைப் பெற்ற அய்யாதான் கடைசியில் அதன் தலையில் கோடாரியைப் போட்டார். போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் என்னிடம் வந்தார்.

"நீ பாம்பனுக்குப் போயிரு. வாத்தியார் வேலைக்கு உத்தரவு வந்துருக்குல்ல? பாலத்தத் தாண்டிட்டா ரயில விட்டா வேற வழி கெடையாது. வாரவன் மொகம் தெரிஞ்சிரும்" என்றார்.

அப்படித்தான் நான் தீவுக்கு வந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், கத்தோலிக்க மீனவக் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரர் சொந்தமாக வள்ளம் வைத்திருந்ததால் ஊரார் அவரைச் சம்மாட்டி என்று அழைத்தார்கள். நாற்பது வயதிருக்கும். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஒருமுறை வள்ளத்துக்குள் விழுந்த சுறா ஒரு கூலிக்காரனின் கெண்டைக்காலைக் கவ்விக்கொண்டபோது, அதன் தாடைக்குள் துடுப்பைச் செருகி நெம்பி எடுத்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்னை 'வாத்தியாரே' என்பார். நான் சாப்பிட்டேனா என்று தினமும் கேட்பார். கமுதிப் பக்கம் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். மடை விஷயத்தைச் சொல்லவில்லை.

நான் வந்த இரண்டாம் வருஷம் ராமநாதபுரத்தில் பெரிய புத்தகக் கண்காட்சி ஒன்று போட்டார்கள். சென்னை, மதுரை, காரைக்குடி என்று பல ஊர்ப் பதிப்பகங்கள் வருகின்றன, அதுவரை இந்தப் பக்கம் அப்படி ஒன்று நடந்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலையைத் தலைமையாசிரியர் என்னிடம் ஒப்படைத்தார். ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். ஆகவே நான் ஒரு நோட்டில் திட்டம் போட்டேன். முதல் சுற்றில் எதையும் எடுப்பதில்லை, எந்தக் கடையில் என்ன இருக்கிறது என்று குறிப்பது மட்டும். கூட்டம் சேர்வதற்குள் சிறுவர் புத்தகங்கள். மதியத்துக்குமேல் அகராதி, தேசப்படம், விஞ்ஞானம். கடைசி ஒரு மணி நேரம் எனக்காக. இரவில் படுத்தால் அந்தத் திட்டம்தான் கண்ணில் நின்றது.

அந்த வாரம் கச்சான் காற்று விடாமல் அடித்தது. யாரும் கடலுக்குப் போகவில்லை. கிளம்புகிற நாள் காலையில் சம்மாட்டி வேட்டி கட்டி, சட்டையும் போட்டுக்கொண்டு நின்றார்.

"நானும் வாரேன் வாத்தியாரே. அம்புட்டுப் பொஸ்தகமும் ஒரே எடத்துல கெடக்கும்னியளே, அத ஒருக்கப் பாத்துட்டு வந்துருவோம்."

பாலத்தின்மேல் ரயில் ஊர்ந்தபோது அவர் கீழே நீரோட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ராமநாதபுரம் ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்ததும், மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று நின்றிருந்தது. மூட்டைமேல் செத்தவரின் தம்பி உட்கார்ந்திருந்தான். வத்தல் விற்க வந்திருக்கிறான், என்னைத் தேடி வரவில்லை. ஆனால் என்னைப் பார்த்துவிட்டான். அவசரமே இல்லாமல் இறங்கினான். வண்டிக்காரனிடம் ஏதோ சொன்னான். மேல்துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கள் பின்னால் நடந்து வந்தான்.

சம்மாட்டி பக்கத்தில் பேசிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை. அடுத்த ரயில் சாயங்காலம்தான். ஸ்டேஷனில் ஆளில்லை. கண்காட்சியில் கூட்டம் இருக்கும். அவ்வளவுதான் தோன்றியது.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. மூன்று பக்கமும் மதில். ஒரே வாசல். கீற்றுப் பந்தல் போட்டு, சாக்குத் துணியால் கடை கடையாகத் தடுத்திருந்தார்கள். மணலில் தண்ணீர் தெளித்திருந்தது. ஈர மணல் வாசனையும் புதுக் காகித வாசனையும் சேர்ந்து வந்தன. ஒலிபெருக்கியில் யாரோ புத்தகப் பெயர்களை வாசித்துக்கொண்டே இருந்தார். நான் கனவு கண்டதைவிடப் பெரியது. முதல் கடையில் நின்று, எடுத்த புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது கடைக்காரர் சிரித்தபோதுதான் தெரிந்தது.

சித்த வைத்தியப் புத்தகங்கள் விற்ற கடையில் சம்மாட்டி கொஞ்சம் விலகி மூலிகைப் படங்களைப் பார்க்கப் போனார். அந்த நொடியில் என் தோளோடு தோள் உரசி அவன் வந்து நின்றான். என்னைப் பார்க்காமல் ஒரு புத்தகத்தைப் புரட்டினான்.

"ஏலே, நல்லாப் படிச்சுக்க. இருக்குற மட்டும் படிச்சுக்க. இந்த வாசல் வழியாத்தான வெளிய வரணும்."

"எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லடா. நான் சும்மா நின்னேன்" என்றேன்.

"தெரியும். சும்மாத்தான் நின்ன. எங்கண்ணன் வாய்க்காலுக்குள்ள கெடந்து இழுத்துக்கிட்டிருக்கையில நீ கைல துண்ட வச்சுக்கிட்டுச் சும்மாத்தான் நின்ன." சட்டையை லேசாகத் தூக்கிக் காட்டினான். இடுப்பில் சூரிக்கத்தியின் மரப்பிடி தெரிந்தது. "அவருக்குக் கழுத்துல. ஒனக்கும் அங்கனதான்."

சம்மாட்டி திரும்பி வந்தார். அவன் புத்தகத்தை வைத்துவிட்டு விலகிப் போனான். அவர் வந்ததும் அவன் விலகியதை நான் கவனித்தேன். அன்றைய நாள் முழுவதும் நான் செய்த காரியம் அந்த ஒரு கவனிப்பிலிருந்துதான் வந்தது.

வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றார். அவரிடம் சொல்லலாம் என்று நான்கு அடி நடந்தேன். அவன் எனக்கு முன்பே அங்கே போய், அவருடைய பீடிக்குத் தீக்குச்சி கிழித்துக்கொடுத்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். திரும்பிவிட்டேன்.

நோட்டுத் திட்டம் போயிற்று. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: சம்மாட்டி என் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. கண்காட்சியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஊருக்குள் இருக்கும் மச்சினன் வீட்டுக்குப் போய் வருவதாக அவர் சொல்லியிருந்தார். அவர் கிளம்பப் பார்த்தபோது நான் அவர் முழங்கையைப் பிடித்து மீன்களைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தைக் காட்டினேன்.

"இதப் பாருங்க, ஒங்க கடல் மீனெல்லாம் போட்டுருக்கான். வாசிச்சுக் காட்டுறேன்."

அவர் நின்றார். நான் வாசித்தேன். சீலா மீனைப் பற்றி, பாறை மீனைப் பற்றி, திருக்கையைப் பற்றி. திருக்கைப் படத்தின்மேல் அவர் தன் தடித்த விரலை வைத்து, "முள்ளு இந்த எடத்துலயா இருக்கு? வால் அடியிலதான இருக்கும். வரஞ்சவன் ஒரு நா குத்து வாங்கிருந்தா இப்படி வரைவானா?" என்றார். கடைக்காரரும் வந்து கேட்டார். இரண்டு மூன்று பேர் கூடினார்கள். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவர் தோளுக்குமேல் பார்த்தேன். அவன் எதிர்க்கடையில் நின்று பஞ்சாங்கம் புரட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த கடையில் புயலில் சிக்கிய கப்பல் ஒன்றின் கதை. அதையும் நின்றபடியே வாசித்தேன். பக்கம் பக்கமாக. "பாய எறக்காம என்னத்தப் பண்ணிக்கிட்டிருந்தாங்க?" என்று கப்பல்காரர்களை அவர் திட்டினார். ஆள் மூழ்கிய இடத்தில் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்கடுத்து வானசாஸ்திரம். நட்சத்திரங்களுக்குக் கடலுக்குப் போகிறவர்கள் வைத்திருந்த பெயரை அவர் சொன்னார், புத்தகத்தில் போட்டிருந்த பெயரை நான் சொன்னேன். மதியச் சோற்றுக்குக்கூட வெளியே போகவிடவில்லை. பந்தலுக்குள் விற்ற சுண்டலை வாங்கித் தந்தேன். இடையிடையே பள்ளிக்கூடத்துக்கான பட்டியலையும் எழுதிக் கொடுத்தேன். அவனைப் பார்த்துக்கொண்டே எழுதியதால் கடைக்காரர்கள் புத்தகப் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

தொண்டை கட்டிவிட்டது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் போய்விடுவார்.

"இப்படி ஒரு நா எனக்கு வாச்சதில்ல வாத்தியாரே" என்றார் அவர். "எங்கப்பா என்னயப் பள்ளிக்கொடத்துல போட்டிருந்தா நானும் இப்படி நின்னு வாசிப்பேன்ல?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. சொன்னால் இந்த வம்பு நமக்கெதற்கு என்று அவர் கிளம்பிவிடுவாரோ என்றுதான் பயந்தேன். அடுத்த புத்தகத்தை எடுத்தேன்.

வெயில் சாய்ந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவரே நினைவுபடுத்தினார். அவனைக் கொஞ்ச நேரமாகப் பந்தலுக்குள் காணவில்லை. போய்விட்டான் என்று நம்ப ஆசைப்பட்டேன். ஆனாலும் வாசலை நெருங்கியபோது, "நீங்க முன்னால போங்க" என்று சொல்லி, அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நடந்தேன்.

வாசலுக்கு வெளியே நுங்கு வண்டிகள் நின்றன. கூட்டம் அங்கே நெருக்கியது. அவன் இடதுபக்க வண்டிக்குப் பின்னாலிருந்து வந்தான். ஓடி வரவில்லை, கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நடந்து வந்தான். கத்தி மேலே எழுந்தபோது நான் சம்மாட்டியின் தோளைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். எச்சரிக்கத்தானே இழுத்தாய் என்று பிற்பாடு எத்தனையோ பேர் எனக்காகச் சொல்லிக் கொடுத்தார்கள். இல்லை. எனக்கும் கத்திக்கும் நடுவில் அவர் வரவேண்டும் என்றுதான் இழுத்தேன்.

திரும்பிய வேகத்தில் அவர் வலக்கையை நீட்டினார். கத்தி உள்ளங்கையில் பாய்ந்தது. கத்திதான் என்று புரிந்ததும் அவர் கையை விலக்கவில்லை, அலகோடு சேர்த்து மூடிக்கொண்டார். அவன் இழுத்தான். அவர் விடவில்லை. இரண்டாவது முறை காலை ஊன்றி முழுப்பலத்தோடு இழுத்தான். அலகு விரல்களுக்கு நடுவே உராய்ந்து வந்த சத்தத்தை நான் கேட்டேன். ரத்தம் என் முகத்தில் தெறித்தது. சம்மாட்டி தலையால் அவன் மூக்கில் முட்டினார். இடக்கையால் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். அவன் நுங்குக் கூடுகளின்மேல் மல்லாந்து விழுந்தான். கத்தி எங்கோ போய் விழுந்தது. சம்மாட்டி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தார்.

அவன் விழுந்த பிறகுதான் எனக்கு வீரம் வந்தது. பந்தல் கயிறு கட்டியிருந்த முளைக்கம்பு ஒன்று பிடுங்கிக் கிடந்தது. அதை எடுத்தேன். முதல் அடி தோளில். இரண்டாவது வாயில். அவன் கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். கைமேல் அடித்தேன், கை விலகியது, முகத்தில் அடித்தேன். எத்தனை முறை என்று தெரியாது. என்னை அறியாமல் அடித்தேன் என்று சொல்லமாட்டேன். நன்றாக அறிந்துதான் அடித்தேன். ஒவ்வொரு அடியும் சுகமாக இருந்தது. நுங்கு விற்ற பெண் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "போதும்யா, செத்துருவான்யா" என்று கதறினாள். இரண்டு ஆண்கள் கம்பைப் பிடுங்கினார்கள்.

அவன் தரையைத் தடவிக்கொண்டே சொன்னான்: "ஏலே... கண்ணு தெரியலடா. ஒரு கண்ணு தெரியல."

ஐந்தாம் வகுப்பில் பலகையிலிருந்து விழுந்து நெற்றியில் அடிபட்டபோதும் அவன் என்னைத்தான் அப்படிக் கூப்பிட்டான்.

ஆஸ்பத்திரியில் சம்மாட்டியின் கையைத் தைத்தார்கள். உயிருக்குப் பயமில்லை. ஆனால் நரம்புகள் போய்விட்டன, நான்கு விரல்களும் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். அவர் மனைவி மறுநாள் ரயிலில் வந்து, அந்தக் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலையையும் துடுப்பையும் பிடித்துச் சோறு போட்ட கை அது.

மூன்றாம் நாள் அவர் என்னிடம் கேட்டார். "வாத்தியாரே, யாரு அவன்? ஒங்களுக்கும் அவனுக்கும் என்ன?"

மடையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அவன எப்பப் பாத்தீங்க?"

"ரயில விட்டு எறங்குன ஒடனே."

"காலையிலயா?"

"ஆமா."

கண்ணைத் திறந்தார். "அப்ப எனக்கு வாசிச்சுக் காட்டுனது?"

நான் தலையைக் குனிந்தேன். அவர் கட்டிலில் இருந்தபடியே இடக்கையை ஓங்கி என் கன்னத்தில் அடித்தார். நான் பக்கத்துக் கட்டிலின்மேல் போய் விழுந்தேன். காதுக்குள் வண்டு இரைவதுபோல ஒரு சத்தம், மாதக்கணக்கில் அது போகவில்லை. எழுந்து வந்து மறுபடி அதே இடத்தில் நின்றேன். இன்னொரு முறை அடித்தார்.

"ஒரு சொல்லு சொல்லியிருந்தா நானே அவன மடக்கிருப்பேனே. தெரிஞ்சு அடி வாங்கிருப்பேன். என்னயச் சிரிக்க வச்சுல்ல கூட்டிக்கிட்டுப் போயிருக்க. இங்கனருந்து போ."

அவர் மனைவி அவரைத் தடுக்கவில்லை.

வழக்கு நடந்தது. அவனுக்குத் தண்டனை கிடைத்தது. அவன் கண் எப்படிப் போயிற்று என்று கேட்டார்கள். கைகலப்பில் முளைக்கம்பின்மேல் விழுந்தான் என்று சொன்னேன். "கீழ கெடக்கையில அடிச்சான்யா" என்று அவன் கூண்டிலிருந்து கத்தினான். சம்மாட்டியைக் கேட்டார்கள். "என் கையப் பாத்துக்கிட்டிருந்தேன், வேற எதையும் பாக்கல" என்றார். அதைச் சொல்லும்போது என்னையே பார்த்தார். வாத்தியார் சொன்னதைத்தான் கோர்ட்டு நம்பியது. ஊரிலிருந்து வந்திருந்த அய்யா வெளியே என் தோளைத் தட்டி, "ஒத்தக் கண்ணன் இனி வரமாட்டான்" என்றார். அந்தக் கையை நான் தட்டிவிட்டேன். அதன் பிறகு கமுதிப் பக்கம் நான் போனது அவர் சாவுக்குத்தான்.

அறையைக் காலி செய்து வேறு வீட்டுக்குப் போனேன். தேர்ந்தெடுத்த புத்தகங்கள் பார்சலில் வந்து சேர்ந்தன. பிள்ளைகள் அடித்துப் பிடித்துப் படித்தார்கள். நல்ல தேர்வு என்று தலைமையாசிரியர் பாராட்டினார். நான் அந்த அலமாரிப் பக்கம் போவதில்லை.

சம்மாட்டி வள்ளத்தைப் பாம்பனில் இருந்த இன்னொரு மச்சினனிடம் விட்டுவிட்டார். கரையில் நின்று இழுக்கிற கரைவலையை மட்டும் மேற்பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு நாள் விடியற்காலையில் அங்கே போய், யாரும் கேட்காமலே கயிற்றைப் பிடித்துக் கடைசி ஆளாக நின்றேன். இழுப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சம்மாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளும் போனேன். பங்கு மீன் கொடுத்தார்கள், வாங்கவில்லை. பள்ளிக்கூட மணிக்கு முன்னால் குளித்துவிட்டு ஓடுவேன். உப்பும் கயிறும் சேர்ந்து உள்ளங்கையை உரித்துவிட்டன. கரும்பலகையில் எழுதும்போது சாக்கட்டியில் ரத்தம் ஒட்டும். ஏறக்குறைய ஒரு வருஷம் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கில்லை என்று தெரியும்.

வாடைக்காற்று தொடங்கிய நாள் ஒன்றில் வலை கனமாக வந்தது. அலை பின்னுக்கு இழுத்தது. நான் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு சாய்ந்து இழுத்தேன். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஏலே, கயித்தக் கைல சுத்தாத. அலை இழுத்துச்சுன்னா கை போயிரும்."

திரும்பிப் பார்த்தேன். அவர் அதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அதுவரை அவர் என்னை ஏலே என்றதில்லை. கயிறு பிடிக்கிற எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார். சுற்றை அவிழ்த்துவிட்டு, மற்றவர்கள் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.